ஆப்பில் தினமும் சிவப்பு, ரத்தத்தில் குறையில்லை: எதை நம்புவது?

வாசகி கேள்வி: மேடம், எனக்கு வயது 38. உயரம் 154 செ.மீ., எடை 52 கிலோ. தஞ்சாவூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. கொஞ்ச நாளாகச் சாப்பிடுவதையெல்லாம் போனில் ஓர் ஆப்பில் பதிந்து வருகிறேன். காலையில் நான்கு இட்லி, சட்னி. மதியம் சோறு, சாம்பார், ஒரு பொரியல், மோர். இரண்டு வேளை டீ. இரவு மூன்று தோசை. வாரத்தில் இரண்டு நாள் முட்டை, ஞாயிறு மீனோ கோழியோ. ராத்திரி எடுத்துப் பார்த்தால் புரதம், கால்சியம், இரும்புச்சத்து மூன்றும் சிவப்பாக இருக்கின்றன. புரதம் 90 கிராம் வேண்டுமாம், எனக்கு 40-ஐத் தாண்டவில்லை. கால்சியம் 1000-க்கு 450. இரும்பு 18 மில்லிகிராம் என்று ஆப் சொல்கிறது, அரசு அட்டவணையில் 29 என்று போட்டிருக்கிறது, எனக்கு வருவதோ 14. ஆனால் போன மாதம் பார்த்த ஹீமோகுளோபின் 12.4. எதை நம்புவது? புரோட்டீன் பவுடர், மல்டிவைட்டமின், சத்துபானம் மூன்றையும் வாங்கச் சொல்கிறார் நாத்தனார். 13 வயது மகளுக்கும் அதையே கொடுக்கலாமா?

பதில்: கர்ப்பமில்லாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இறங்கினால்தான் ரத்தசோகை என்கிறோம். ஆப் தினமும் சிவப்பு காட்டியும் உங்கள் ரத்தம் கோட்டுக்கு மேலேதான் நிற்கிறது. இதில் ஆப்பும் பொய் சொல்லவில்லை, லேபும் பொய் சொல்லவில்லை. ஆர்டிஏ என்று நாங்கள் சொல்லும் அந்த அளவு, அதாவது ஒரு நாளைக்கு இவ்வளவு சத்து வேண்டும் என்று பரிந்துரைக்கும் அளவு, யாருக்காகப் போடப்பட்டது என்று தெரிந்துகொண்டால் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

ஒரே வயதில், ஆரோக்கியமாக இருக்கும் நூறு பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சத்து ஒவ்வொருவருக்கும் எவ்வளவு தேவை என்று பார்த்தால் நூறு விதமாக வரும். நடுவில் ஓர் அளவு இருக்கும். அதைச் சாப்பிட்டால் பாதிப் பேருக்குப் போதும், மீதிப் பாதிக்குப் போதாது. இதற்குச் சராசரித் தேவை என்று பெயர். ஆர்டிஏ இதற்கு வெகு மேலே நிற்கும். நூற்றில் 97 பேருக்கும் போதுமான இடத்தில் கோட்டைப் போடுவார்கள். கல்யாணப் பந்திக்கு உலை வைப்பவர் யாருக்கும் குறையக்கூடாது என்று கணக்குக்கு மேலேதான் அரிசி போடுவார். உங்கள் இலையில் அதில் பாதி விழுந்தது என்றால் நீங்கள் பசியோடு எழுந்தீர்கள் என்று அர்த்தம் கிடையாது. ஆர்டிஏவும் அப்படித்தான்.

இந்த அளவுகள் பிறந்ததே பந்திக் கணக்குக்காகத்தான். அமெரிக்காவில் 1941-இல், போருக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த நேரத்தில், படைக்கும் மக்களுக்கும் உணவு திட்டமிட முதல் பட்டியல் போட்டார்கள். இந்தியாவுக்கென ஒன்று 1944-இல் வந்தது. அதற்கான அடிப்படை வேலை பெரும்பாலும் நம் குன்னூரில் நடந்தது. நெல்லும் கேழ்வரகும் கீரையும் ஒவ்வொன்றாக அரைத்துச் சத்தளந்த ஆய்வுக்கூடம் அங்கேதான் இருந்தது. 1958-இல் ஐதராபாத்துக்குப் போய், இப்போது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரில் இருக்கிறது. நீங்கள் பார்த்த 29 என்ற எண், ஐசிஎம்ஆர் எனும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் அந்த நிறுவனமும் சேர்ந்து 2020-இல் வெளியிட்ட அட்டவணையில் உள்ளது.

200 பிள்ளைகள் தங்கும் விடுதிக்கு மெனு போடும்போது நான் இந்த அட்டவணையைத்தான் முன்னால் வைத்துக்கொள்வேன். எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு தேவை என்று எனக்குத் தெரியாது, அதனால் மேல்கோட்டைப் பிடித்துச் சமைக்கச் சொல்வதுதான் பத்திரம். பள்ளி மதிய உணவுக்குத் தொடக்க வகுப்புகளில் 450 கலோரி, 12 கிராம் புரதம் என்று விதி இருப்பதும் இதே ரகம். ஆனால் தனியாக ஒருவர், ஒரு நாள் சாப்பாட்டை வைத்து, 'நான் தேறினேனா' என்று பார்க்க இது செய்யப்படவில்லை. ஆப்கள் அதைத்தான் செய்கின்றன, அதுவும் ராத்திரி பத்து மணிக்குச் சிவப்பு விளக்கு போட்டு.

இன்னொன்றையும் கவனியுங்கள். கலோரிக்கு மட்டும் இந்த மேல்கோடு கிடையாது. வேலையையும் எடையையும் பார்த்துச் சராசரியைத்தான் சொல்வார்கள்: 55 கிலோ எடையுள்ள, உட்கார்ந்து வேலை பார்க்கும் பெண்ணுக்கு 1660 கலோரி. 97 பேருக்குப் போதுமான அளவை எல்லோரும் சாப்பிட்டால் பெரும்பாலானவர்கள் குண்டாகிவிடுவோம், அதனால்தான். மற்ற சத்துகளில் கொஞ்சம் கூடினால் உடம்பு சமாளித்துக்கொள்ளும், அங்கே தாராளமாகக் கோடு போடலாம்.

சரி, இரும்புக்கு வருவோம்.

2020 அட்டவணையில் உங்கள் வயதுப் பெண்ணுக்கு ஆர்டிஏ 29 மில்லிகிராம். பக்கத்திலேயே சராசரித் தேவை என்று 15 போட்டிருப்பார்கள். அதை ஒரு விளம்பரமும் சொல்வதில்லை. ஆணுக்கு இவை 19-ம் 11-ம். பெண்ணுக்கு ஏன் இவ்வளவு இடைவெளி? மாதவிடாய். பெரும்பாலான பெண்களுக்கு ரத்தப்போக்கு ஓரளவுதான், அவர்களுக்குத் தேவையும் 15-ஐ ஒட்டியே இருக்கும். கொஞ்சப் பேருக்கு மட்டும் அதிகமாகப் போகும், சிலருக்கு மிக அதிகமாக. அந்தக் கொஞ்சப் பேரையும் உள்ளே இழுக்க வேண்டியிருப்பதால் மேல்கோடு 29 வரை ஏறிவிடுகிறது.

ஆகவே, உங்கள் 14 மில்லிகிராம் போதுமா என்று கேட்டால் ஆப்பைப் பார்த்து என்னால் சொல்ல முடியாது. உங்களிடம் நான் கேட்க வேண்டிய கேள்வி வேறு. மாதவிடாய் எத்தனை நாள்? ஏழு நாளைத் தாண்டுகிறதா? முதல் இரண்டு நாளில் ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறதா? பெரிய கட்டிகளாக வருகிறதா? இவற்றில் ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் 12.4-ஐ நம்பிச் சும்மா இருக்காதீர்கள். உடம்பு முதலில் சேமிப்பில் இருக்கும் இரும்பைத்தான் செலவழிக்கும். ஹீமோகுளோபின் குறைவது கடைசியில். சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின் என்ற பரிசோதனை. அதைப் பார்த்துவிட்டு, மகப்பேறு மருத்துவர் ஒருவரிடமும் காட்டுங்கள், ஏனென்றால் அங்கே குறை சாப்பாட்டில் இருக்காது, ரத்தப்போக்கில் இருக்கும். மூன்று நான்கு நாளில் சாதாரணமாக முடிகிறது, களைப்பும் இல்லை என்றால், 14 உங்களுக்குக் கிட்டத்தட்டப் போதுமான அளவாகவே இருக்கலாம். கொஞ்சம் ஏற்றினால் நல்லது, பதற்றப்பட ஒன்றுமில்லை.

ஆப்பின் 18 எங்கிருந்து வந்தது? அது அமெரிக்க அட்டவணை. அங்கே சாப்பிடும் இரும்பில் 18 சதவீதம் உடம்பில் சேரும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டிருக்கிறார்கள். மாட்டிறைச்சி, கோழி, பழம் அதிகமுள்ள சாப்பாடு. நம் அட்டவணை 8 சதவீதம் என்று எடுத்துக்கொள்கிறது. தானியமும் பருப்பும் பெரும்பகுதி, அவற்றில் உள்ள ஃபைட்டேட் இரும்பைக் கட்டிப்போடும், போதாததற்குச் சாப்பிட்ட கையோடு டீ. 29-இல் 8 சதவீதம் என்றால் உள்ளே போவது 2.3 மில்லிகிராம்தான். இரண்டு எண்ணும் அவரவர் ஊர்ச் சாப்பாட்டுக்குச் சரி. இட்லி சாம்பார் சாப்பிட்டுவிட்டு 18-ஐ இலக்காக வைப்பதுதான் பொருந்தாது.

இதில் உங்கள் கையில் இருப்பது அந்த 8 சதவீதம். பேரீச்சம்பழம் இரண்டு சாப்பிட்டால் ரத்தம் ஊறும் என்று நம்புகிறோம், ஆனால் அதில் கிடைப்பது ஒரு மில்லிகிராமுக்கும் கீழே. அதைவிட டீயைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி வைப்பது பலன் தரும். கீரைப் பொரியலை இறக்கியபின் அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள். அடுப்பில் இருக்கும்போதே பிழிந்தால் வைட்டமின் சி வீணாகிவிடும். மதியச் சாப்பாட்டோடு ஒரு கொய்யாத் துண்டு. மாவு புளிக்கும்போது ஃபைட்டேட் குறையும், அந்த வகையில் இட்லியும் தோசையும் நமக்குத் தோழர்கள். மீன், கோழி சாப்பிடும் நாளில் அதோடு சேர்ந்த கீரை, பருப்பின் இரும்பும் கூடுதலாகச் சேரும். ஒரே ஞாயிறு முக்கால் கிலோ கறி வாங்குவதற்குப் பதில், வாரத்தில் இரண்டு நாளாகப் பிரித்துக்கொண்டால் நல்லது.

அப்புறம், வீட்டில் ரேஷன் அரிசி பொங்குவதுண்டா? செறிவூட்டிய அரிசி என்றால் கிலோவுக்கு 28 முதல் 42 மில்லிகிராம் இரும்பு சேர்த்திருப்பார்கள். 120 கிராம் அரிசிச் சோறு சாப்பிட்டால் அதிலேயே மூன்று மில்லிகிராமுக்குக் குறையாது. ஆப்புக்கு இது தெரியாது. ஆப்புக்குத் தெரியாதது வேறும் நிறைய. 'சாம்பார், ஒரு கப்' என்று யாரோ பதிந்து வைத்ததில் பருப்பு எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? அதிகாரபூர்வ அட்டவணைகளுக்குள்ளேயே வித்தியாசம் உண்டு. 1971-இல் வந்த இந்திய உணவுப் பட்டியலில் 100 கிராம் பெரிய நெல்லிக்காயில் வைட்டமின் சி 600 மில்லிகிராம். 2017-இல் புதிதாக அளந்தபோது 252. ரகம், மண், அளக்கும் முறை எல்லாம் மாறியிருக்கின்றன. தசமப் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் போட்டு ஆப் காட்டுவதை மிகப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

புரதத்தில் ஆப்பின் 90 கிராம் ஆர்டிஏவே இல்லை. மொத்தக் கலோரியில் 20 சதவீதம் புரதத்திலிருந்து வரவேண்டும் என்று பல ஆப்கள் தாமாக வைத்திருக்கும் அமைப்பு அது. 1800 கலோரியில் 20 சதவீதம் என்றால் 90 கிராம் வந்துவிடும். நம் அட்டவணை எடைக்குத்தான் கணக்குச் சொல்கிறது: கிலோவுக்கு 0.83 கிராம். உங்கள் 52 கிலோவுக்கு 43 கிராம். சராசரித் தேவை 34 கிராம். 40 வருகிறது என்றால் நீங்கள் இரண்டுக்கும் நடுவில், மேல்கோட்டை ஒட்டியே இருக்கிறீர்கள்.

ஆனால் இதில் ஒரு நிபந்தனை உண்டு. தானியமும் பருப்பும் பாலும் 3:1:2.5 என்ற கணக்கில் சேர்ந்த நல்ல கலவைக்குத்தான் இந்த 0.83. பெரும்பகுதி அரிசியாகவே இருந்தால் கிலோவுக்கு ஒரு கிராம் என்று வைத்துக்கொள்வது நல்லது. அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது நிறைய. உங்கள் பட்டியலைப் பாருங்கள்: இட்லி, சோறு, தோசை, மூன்றும் அரிசி. சாம்பாருக்கு நான்கு பேருக்கு எவ்வளவு துவரம்பருப்பு போடுவீர்கள்? 100 கிராம் இருக்குமா? அப்படியென்றால் தலைக்கு 25 கிராம் பருப்பு, அதில் புரதம் ஐந்தரை கிராம். தேசிய நிறுவனம் 2000 கலோரிச் சாப்பாட்டுக்குச் சொல்வது 85 கிராம் பருப்பு வகை, தானியம் 250 கிராம். பருப்பில் ஒரு பகுதியை முட்டை, மீன், கறியால் ஈடுகட்டலாம். நம் வீடுகளில் பொதுவாக இந்தக் கணக்கில்தான் ஓட்டை. தட்டில் சோறு மலையாக இருக்கும், சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருக்கும்.

உங்களுக்கு நாளொன்றுக்கு இன்னும் 10, 12 கிராம் புரதம் சேர்ந்தால் போதும். வாரத்தில் சில நாள் தோசைக்குப் பதில் அரிசியும் பருப்பும் சரிபாதி போட்டு அரைத்த அடை. மாலை டீயோடு பிஸ்கட் பழக்கம் இருந்தால் அதை நிறுத்திவிட்டுச் சுண்டல்: 30 கிராம் கொண்டைக்கடலையில் 6 கிராம் புரதம் கிடைக்கும். (டீயைச் சுண்டலோடு குடிக்காமல் முன்னாலேயே முடித்துவிடுங்கள்.) ஒரு முட்டையில் 6 கிராம். அதை வாரத்தில் நான்கைந்து நாளாக்கலாம். டப்பா பவுடருக்கு இங்கே வேலையில்லை. 2024-இல் அதே நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலும் உடம்பை ஏற்றப் புரோட்டீன் பவுடர் வேண்டாம் என்றுதான் சொல்கிறது.

மூன்றில் நான் உண்மையாகவே கவலைப்படுவது கால்சியத்துக்குத்தான், அதுவும் ஆப் சொல்லும் காரணத்துக்காக இல்லை. ஐசிஎம்ஆர் அட்டவணையில் பெரியவர்களுக்கு 1990 வாக்கில் 400 மில்லிகிராம். 2010-இல் 600. 2020-இல் 1000. பத்து ஆண்டுக்கு முன் நீங்கள் இதே சாப்பாட்டைச் சாப்பிட்டிருந்தால் முக்கால் பங்கு கிடைக்கிறது என்று சொல்லியிருப்போம், இன்று பாதிகூட இல்லை என்கிறோம். பிரிட்டனில் இன்றும் 700-தான். நிபுணர்களுக்குள்ளேயே ஒத்துப்போகாத எண் இது. ஆனால் இன்று இருக்கும் எந்தக் கோட்டை எடுத்தாலும் உங்கள் 450 அதற்குக் கீழே. புதிய அட்டவணையின் சராசரித் தேவையே 800. எலும்பு தேய்வதை எந்த வழக்கமான ரத்தப் பரிசோதனையும் முன்கூட்டிக் காட்டாது, ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் உடம்பு எலும்பிலிருந்து எடுத்துச் சரிசெய்துவிடும். உங்களுக்கு மாதவிடாய் நிற்க இன்னும் பத்துப் பன்னிரண்டு ஆண்டு இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அதற்குள் இதைச் சரிசெய்வதுதான் உங்கள் முதல் வேலை.

அரை டம்ளர், அதாவது சுமார் 50 கிராம் கேழ்வரகு மாவில் 180 மில்லிகிராம் கால்சியம். 200 மில்லி பாலோ தயிரோ 240. இந்த இரண்டும் தினம் சேர்ந்தாலே 870-க்கு வந்துவிடுவீர்கள். இரவுத் தோசையில் பாதி நாளாவது கேழ்வரகுத் தோசை, காலையில் கூழாகக் குடித்தாலும் சரி. மோர் என்று எழுதியிருக்கிறீர்கள். தண்ணீர் மோரில் தயிர் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். முருங்கைக்கீரை 50 கிராமில் இன்னொரு 150 வரை உண்டு. பாலக் கீரையில் கால்சியம் இருந்தாலும் ஆக்சலேட் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் மட்டும் மாத்திரை பற்றி மருத்துவரைக் கேட்கலாம்.

சத்துபான டப்பாவுக்கு வருகிறேன். லேபிளில் 'ஆர்டிஏவில் இத்தனை சதவீதம்' என்று ஒரு பத்தி இருக்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 லேபிள் விதிமுறைப்படி, அந்தச் சதவீதம் 2000 கலோரி, 67 கிராம் மொத்தக் கொழுப்பு, 22 கிராம் நிறைவுற்ற கொழுப்பு, 2 கிராம் டிரான்ஸ் கொழுப்பு, சேர்த்த சர்க்கரை 50 கிராம், சோடியம் 2000 மில்லிகிராம் என்ற அளவுகளை வைத்துப் போடப்படுகிறது. ஒன்றைக் கவனித்தீர்களா? சேர்த்த சர்க்கரை யாருக்கும் தேவையே இல்லை. அந்த 50 கிராம் தாண்டக்கூடாத எல்லை. சோடியத்தின் 2000-ம், டிரான்ஸ் கொழுப்பின் 2-ம் அப்படித்தான். இரும்பில் 20 சதவீதம் என்றால் 'இவ்வளவு கிடைத்தது' என்று பொருள், சர்க்கரையில் 20 சதவீதம் என்றால் 'இவ்வளவு செலவாகிவிட்டது' என்று பொருள். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தது யார் யோசனையோ! கடையில் டப்பாவைத் திருப்பும்போது, முன்பக்கத்தில் பெரிதாகப் போட்ட சத்துகளை விட்டுவிட்டு, சேர்த்த சர்க்கரை வரியையும், 'ஒரு முறைக்கு எத்தனை கிராம்' என்பதையும் முதலில் பாருங்கள்.

பவுடர், மல்டிவைட்டமின், சத்துபானம் மூன்றையும் சேர்த்து எடுப்பதில் இன்னொரு சிக்கல். மூன்றிலுமே இரும்பு, துத்தநாகம், வைட்டமின் ஏ சேர்த்திருக்கலாம். அட்டவணையில் உச்ச வரம்பு என்று ஒரு பத்தி உண்டு. இரும்புக்கு அது நாளைக்கு 45 மில்லிகிராம். தினமும் வருடக்கணக்கில் அதைத் தாண்டக்கூடாது. அப்படியானால் மருத்துவர் தரும் இரும்பு மாத்திரையில் 60 இருக்கிறதே என்பீர்கள். அது ரத்தசோகைக்கான சிகிச்சை அல்லது அரசுத் திட்டத்தில் கணக்கிட்டுத் தரும் தடுப்பு அளவு, வேறு கணக்கு. நீங்களாகக் கடையில் வாங்கித் தினம் போடுவதற்கு இந்த வரம்பு பொருந்தும். உங்களுக்கு மூன்றும் வேண்டாம் என்பது என் கருத்து. நாத்தனாரிடம் நான் சொன்னேன் என்றே சொல்லுங்கள்.

மகள் விஷயத்தில் மட்டும் நான் இவ்வளவு நிதானமாகப் பேச மாட்டேன். 13 முதல் 15 வயதுப் பெண்ணுக்கு இரும்பு 30 மில்லிகிராம், புரதம் 43 கிராம், அதாவது கிட்டத்தட்ட உங்கள் அளவு. ஆனால் உடம்பு உங்களுடையதைவிடச் சிறியது, வளர்கிறது, மாதவிடாயும் தொடங்கியிருக்கும் அல்லது தொடங்கப்போகிறது. பல வீடுகளில் இந்த வயதில்தான் காலைச் சாப்பாட்டைத் தவிர்ப்பதும் ஆரம்பிக்கும். அவளுக்கு ஹீமோகுளோபின் பார்த்திருக்கிறீர்களா? கடிதத்தில் இல்லை. இந்த வாரமே பாருங்கள். பள்ளியில் வாரம் ஒரு நீல நிற இரும்பு மாத்திரை கொடுத்தால் சாப்பிட்டபின் போடச் சொல்லுங்கள், வயிற்றைப் புரட்டுகிறது என்று பையில் போட்டுக்கொண்டு வந்துவிடும் பிள்ளைகளே அதிகம். குடற்புழு மாத்திரையும் விடக்கூடாது. டப்பாவுக்குக் கொடுக்கும் பணத்தில் அவளுக்குத் தினம் ஒரு முட்டையும் கொய்யாப்பழமும் நிலக்கடலையும் வாங்கலாம்.

ஆப்பை அழிக்க வேண்டாம். அமைப்பில் போய்ப் புரதத்தை 50 கிராம் என்று மாற்றுங்கள், இரும்புக்கு 15, 29 இரண்டையும் மனத்தில் வையுங்கள், தினப் பக்கத்தை விட்டுவிட்டு வாரச் சராசரியை மட்டும் பாருங்கள். ஞாயிறு சாப்பிட்ட மீன் திங்களன்று மறைந்துவிடுவதில்லை. சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை, தைராய்டு என்று ஏதாவது இருந்தால் இந்த அட்டவணை எதுவும் பொருந்தாது, அவை ஆரோக்கியமானவர்களுக்கு மட்டும். அப்படி எதுவும் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை, இருந்தால் தெரிவியுங்கள். ஃபெரிட்டின், மகளின் ஹீமோகுளோபின் இரண்டின் முடிவும் வந்ததும் எழுதுங்கள், மகளுக்கு மெனு தனியாகப் போட்டுத் தருகிறேன்.